மூன்றாவது பாட்டில் கிடார் இல்லை

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். ஆகவே பழைய கச்சேரி டேப்பைப் போட்டுக் கேட்ட அன்று உன் அண்ணன் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

உன் அண்ணன் ஜன்னலோரம், சாய்வு நாற்காலியில். வலது கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கைக்கென்று தனியாக ஒரு தலையணை, அதற்குத் துவைத்த உறை. உன் அண்ணி அவன் பக்கத்தில் உட்காரவில்லை. சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். கேட்டால், அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். அடுப்பு எரியவில்லை. ஒலிக்காரர் தரையில், தான் கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, வயர்களை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை உனக்கு நினைவிருக்கும். நாங்கள் வாசித்த காலத்தில் மண்டபத்தின் பின்கோடியில் மிக்ஸர் மேசைக்கு முன்னால் நின்று, யார் சத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானித்தவர். இப்போது ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சோபா நுனியில் இசைத்தட்டுக் கம்பெனித் தம்பி. தம்பி என்றாலும் தாடி நரைத்தவர்தான். எங்களுக்கு எல்லாரும் தம்பி ஆகிவிட்ட வயசு இது. நான் கதவோரம், செருப்புகள் கழற்றிப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில்.

டிரம்ஸ்காரனுக்கு நாற்காலி போடவில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் நின்றுகொண்டேதான் இருந்திருப்பான். டிரம்ஸுக்குப் பின்னால் தவிர வேறெங்கும் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒலிக்காரர் கடையை இடம் மாற்றும்போது மேல் தட்டில் அந்தச் சுருள் டேப் கிடைத்தது, அதை மிதமான சூட்டில் உலரவைத்து மறுபடி ஓடும்படி செய்தார், இதெல்லாம் முன்பே எழுதியிருக்கிறேன். தொழிற்சங்க மண்டபத்தில் நாங்கள் வாசித்த கடைசிக் கச்சேரி அது. நீயும் வந்திருந்தாய். கம்பெனித் தம்பி அப்படிப்பட்ட டேப்புகளைத் தேடி எடுத்து வெளியிடுகிறவர். ஜாஸ், ப்ளூஸ், ப்ராக்ரஸிவ் ராக், எதுவானாலும் மேடையில் பதிவானதாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் இஸ்திரி போட்ட பாட்டு அவருக்கு வேண்டாமாம். "இருமல் கேக்கணும் சார், நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்கணும், தப்பு கேக்கணும்" என்றார். உன் அண்ணனுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அவன் எதற்காக இதை இவ்வளவு எதிர்பார்த்தான் என்பதை நீ அறிவாய். ஆனாலும் எழுதிவிடுகிறேன். நாங்கள் ஸ்டூடியோ வாசலை மிதித்தவர்கள் இல்லை. அவன் கிடார் வாசித்தான் என்பதற்குக் கேட்டவர்களின் நினைவைத் தவிர இந்த உலகத்தில் சாட்சி கிடையாது. அந்த நினைவும் ஒவ்வொன்றாகச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விரல் மடங்குவதில்லை. காது முக்கால்வாசி போய்விட்டது. இதயத்தைப் பற்றிப் பேசும்போது டாக்டர் இப்போதெல்லாம் உன் அண்ணியைப் பார்த்துத்தான் பேசுகிறார். சாவதற்கு முன்னால் ஒரு தடவை தன் கையைத் தானே கேட்க வேண்டும், அது வெளியே போய் முகம் தெரியாத யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அன்று காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொண்டு சட்டை மாற்றியிருந்தான், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

ஒலிக்காரர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் இரைச்சல். அதில் யாரோ இருமினார்கள். கம்பெனித் தம்பியின் முகம் மலர்ந்தது. பிறகு டிரம்ஸ்காரன் குச்சியைத் தட்டி எண்ணினான். செத்தவன் குரல் சுவரில் பட்டுத் திரும்பியதும் உன் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு கீழ்ச் சுருதியில் முழங்கும் பேஸ் கிடார் ஆரம்பித்தது. அதாவது நான்.

தங்கச்சி, மேடையில் என்னை யாரும் கவனித்ததில்லை. கச்சேரி முடிந்து வெளியே வரும்போது "நீங்களும் வாசிச்சீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. அன்று அந்த அறையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்னால்தான். நான் செய்த ஒவ்வொரு தப்பும் யானை போல வந்து நின்றது. எனக்கு மேலே உன் அண்ணியின் குரல், பக்கத்தில் நின்று பாடுவது போல. மூச்சை இழுப்பது கூடக் கேட்டது. எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ மாவு சலிப்பது போல, டிரம்ஸ்.

"இன்னும் ஏத்து" என்றான் உன் அண்ணன்.

ஒலிக்காரர் ஏற்றினார்.

"ஏத்துய்யா. எல்லாரும் தூங்கிட்டு இருக்கற வீடு மாதிரி வெச்சிருக்க."

"இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்ணே."

"கிழியட்டும். நான் கிழிக்காத ஸ்பீக்கரா?"

சிரித்தோம். அவனை 'இடி' என்று ஊரே கூப்பிட்டது சும்மா இல்லை. ஒரு கச்சேரியில் அவன் கிடாருக்கு வைத்திருந்த ஆம்ப் பெட்டி போட்ட சத்தத்தில் மண்டபத்துக் கடிகாரம் சுவரிலிருந்து விழுந்தது. எடுத்து மாட்டிய பிறகு அது சரியான நேரம் காட்டியது என்று டிரம்ஸ்காரன் சத்தியம் செய்வான்.

முதல் பாட்டு முடிந்தது. அதில் கிடாருக்குப் பெரிய வேலை இல்லை, மெதுவான ப்ளூஸ். இரண்டாவதிலும் கேட்கவில்லை. நான் ஒலிக்காரரைப் பார்த்தேன். அவர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலை குனிந்த விதத்தில் எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. உன் அண்ணன் மட்டும், "இருங்க, மூணாவது வரட்டும்" என்றான். காதிலிருந்த மெஷினை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது பாட்டுதான் அந்த நீளமான உருப்படி. ப்ளூஸாகத் தொடங்கி, தாளம் மாறி, ஜாஸ் பக்கம் ஒரு சுற்று போய், திரும்ப வந்து உடைவது. நடுவில் முழுக்க முழுக்க அவன். நானும் டிரம்ஸ்காரனும் கீழே ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவன் மேலே ஏறிக்கொண்டே போவான். அன்று அவன் போன இடத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் போனதில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அழுதாய்.

அண்ணி பாடி முடித்தாள். 'டப்' என்று ஒரு சத்தம், மைக்கை அணைத்த சத்தம். பிறகு பேஸ். பேஸ். காலால் மிதிக்கும் டிரம். பேஸ். சுற்றிச் சுற்றி அதே இடம். மாடு இல்லாத செக்கு சுற்றுவதைப் பார்த்திருக்கிறாயா? அப்படி. நான்கு பேரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் மட்டும் கண்ணை மூடியிருந்தான். இடது கை விரல்கள் நாற்காலிக் கையின் மேல் நகர்ந்தன. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. விரலைப் பார்த்தே சொல்ல முடிந்தது: இதோ ஏறுகிறான், இதோ இழுத்து வளைக்கிறான், இதோ உச்சி.

மறுபடி 'டப்'. உன் அண்ணி நன்றி சொல்ல மைக்கைத் திறந்திருக்கிறாள். திறந்ததும் கூட்டத்தின் கூச்சல் கொட்டியது. விசில், கால் தட்டல், "இடி! இடி!" என்று ஒருவன் தொண்டை கிழிய. எதற்கு? டேப்பைக் கேட்கிறவனுக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு வெற்றிடத்துக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டுகிறது.

உன் அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"நான் எங்கடா?" என்றான் என்னைப் பார்த்து.

நான் ஒலிக்காரரைப் பார்த்தேன். அவர் டேப்பை நிறுத்திவிட்டு, குனிந்தபடியே சொன்னார். காது கேட்காதவனுக்குச் சொல்வதால் கத்த வேண்டியிருந்தது. அதுதான் கொடுமை. மெல்லச் சொல்ல வேண்டிய விஷயத்தைத் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"மண்டபம் சின்னதுண்ணே! பாட்டுக்கும் பேஸுக்கும்தான் மிக்ஸர்ல லைன் குடுத்தேன்! டிரம்ஸுக்குக் காலடியில ஒரே ஒரு மைக்! உங்க ஆம்ப் சத்தம் அதுவாவே கடைசி வரிசை வரைக்கும் போச்சு! அதுக்கு எதுக்கு மைக்னு வெக்கல! டேப்ப மிக்ஸர்லேந்துதான் எடுத்தேன்! மிக்ஸருக்குள்ள வராதது டேப்லயும் வராது!"

"அப்ப நான் வரல."

"வரலண்ணே."

"அத்தன பேருக்குக் கேட்டுது."

"மண்டபத்துல இருந்தவங்களுக்குக் கேட்டுது. டேப்புக்குக் கேக்கல."

உன் அண்ணன் வலது கையைத் தலையணை மேல் சரிசெய்து வைத்தான். பிறகு சிரித்தான். "தவள தன் வாயால கெடும்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. நான் என் சத்தத்தால கெட்டேன், காதும் போச்சு, டேப்பும் போச்சு" என்றான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அண்ணி எழுந்து வந்தாள். "நான் மைக்க அணைக்காம இருந்திருந்தா அது வழியாவாவது வந்திருக்குமா?"

ஒலிக்காரர், "வந்திருக்கும்மா. ஆனா அணைக்கச் சொன்னதே நான்தானே. தொறந்து வெச்சா ஸ்பீக்கர் கீச்சுனு விசிலடிக்கும்" என்றார். அப்புறம் தயங்கி, "ஒரே ஒரு எடத்துல வருது. கடைசிப் பாட்டுல. போடட்டுமா?" என்றார்.

போட்டார். அண்ணி பாடிக்கொண்டிருக்கிறாள். வரி முடிகிறது. ஆனால் மைக் அணையவில்லை, கையில் பிடித்தபடி நடந்திருக்கிறாள். அப்போது வந்தது தங்கச்சி. ஆம்புக்குப் பக்கத்தில் மைக் போனதும் அவன் கிடார் மடை உடைந்தது போல உள்ளே பாய்ந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. எத்தனை வருஷம் கழித்து! அதன் மேலே உடனே உன் அண்ணியின் குரல், பாட்டாக இல்லை, வசவாக:

"யோவ்! கொறைய்யா! என் குரல் எனக்கே கேக்கல!"

அவன் குறைத்தான். அவள் திரும்பி நடந்தாள். கிடார் போய்விட்டது.

மொத்தமே ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம். இந்த உலகத்தில் உன் அண்ணனின் வாசிப்பு பதிவாகியிருப்பது அவ்வளவுதான். அதுவும் குறைக்கச் சொல்லித் திட்டு வாங்கியபடி.

"பாத்தியா, கல்யாணத்துக்கு முன்னாடியே மரியாத இல்ல" என்றான் உன் அண்ணன்.

"நீங்க மட்டும் ஒழுங்கா? சொன்னதும் கொறச்சீங்களே, அதான் இப்ப வயித்தெரிச்சல். நான் சொன்ன எதைக் கேட்டிருக்கீங்க வாழ்க்கைல? அத ஒண்ணத்தான் கேக்கணுமா?" என்றவள், பேச்சை முடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

இப்போது கம்பெனித் தம்பி வாயைத் திறந்தார். கெட்டவர் இல்லை. தொழில் தெரிந்தவர், அவ்வளவுதான். "சார், இதுக்கு வழி இருக்கு. நல்ல கிடார் பிளேயர் ஒருத்தர வெச்சு அந்த எடங்கள்ல வாசிச்சுச் சேத்துடலாம். மேடை ரெக்கார்டுங்கள்ல இதெல்லாம் சகஜம். பேரு உங்க பேருதான் போடுவோம்."

நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

"என் கல்யாணத்துக்கு வேற மாப்பிள்ளையா?" என்றான் உன் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"அப்ப கிடார் இல்லாமயே வெளியிடலாமா? அம்மா குரல் அவ்வளவு அழகா விழுந்திருக்கு. குரலும் பேஸும் மட்டும்னு ஒரு தனி ரசிகர் கூட்டம் இருக்கு சார்."

அதையும் திருப்பிச் சொன்னேன். உன் அண்ணன் உடனே, "வெளியிடுங்க" என்றான். நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. அவன் மனசு அப்படி.

உள்ளேயிருந்து உன் அண்ணி வந்தாள். கை ஈரம். "அவர் இல்லாம என் குரல் இந்த வீட்டு வாசல் தாண்டாது" என்றாள்.

"அடியே, உன் குரலாவது பொழைக்கட்டும்."

"கைதட்டறது உங்களுக்கு. அத எனக்குன்னு போட்டு விப்பாங்க. நான் அத வாங்கி வெச்சுக்கணுமா? முடியாது."

"பிடிவாதம்."

"ஆமா. உங்ககிட்ட கத்துக்கிட்டேன்."

கம்பெனித் தம்பி பையை எடுத்துக்கொண்டார். மாசக் கடைசிக்குள் ஒரு முடிவு சொன்னால் இந்த வருஷப் பட்டியலில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் டேப்பைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். எழுந்து நின்றவர், வாசலில் ஷூவைப் போட்டுக்கொண்டே, போகிறபோக்கில் ஒன்று சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

"கூட்டத்துல உக்காந்து யாராவது கேசட்ல பதிவு பண்ணியிருந்தா சொல்லுங்க சார். எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவால்ல. அதுல கிடார் இருக்கும், இதுல குரல் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா ஓட்டிச் சேத்துடலாம். நெறைய பழைய கச்சேரிய அப்படித்தான் மீட்டிருக்கோம்."

நான் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் உன் அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. எப்படிக் கேட்டதோ தெரியாது. வேறெதுவும் விழாத காதில் அது மட்டும் விழுந்தது.

"என் தங்கச்சி!" என்று கத்தினான், இத்தனை வருஷம் மறந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தவனாக. நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்தான். "மூணாவது வரிசை. மடியில வெச்சுப் பதிவு பண்ணினா. சின்ன மெஷினு. என் ஆம்புக்கு நேர் எதிர்ல! அவகிட்ட இருக்கும்டா. அவ ஒரு குண்டூசியக்கூடத் தூக்கிப் போட மாட்டா."

உன் அண்ணி அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒலிக்காரரின் முகம் தெளிந்தது. கம்பெனித் தம்பி ஒரு காலில் ஷூவோடு சிரித்தார். அந்த அறையில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

டிரம்ஸ்காரன் சாவுக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பழைய வீட்டைக் காலி செய்தபோது கேசட் பெட்டி மாடிப்படிக்குக் கீழேயே தங்கிவிட்டது, திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டையே இடித்துவிட்டிருந்தார்கள் என்று. அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்ல வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை. அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். சொந்தக் காலில் எழுந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்தேன். திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் வேறு ஆள். மருந்தை அவனாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கூட்டத்து டேப்பையும் மேசை டேப்பையும் எப்படி ஒன்றாக ஓட்டுவார்கள், வேகம் மாறினால் என்ன செய்வார்கள் என்று ஒலிக்காரரைக் கடையில் போய்ப் பிடித்துத் துளைக்கிறான். உன் அண்ணி முணுமுணுத்துக்கொண்டே ஏதோ பாடுகிறாள். அந்த வீட்டில் அவள் பாடிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. எனக்கு அங்கே போகவே பயமாக இருக்கிறது.

போனில் பேசினால் அவனுக்கு விளங்காது. அதனால் உனக்குக் கடிதம் எழுதச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டான். இதை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில், 'தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு என்று உன்னைக் கேட்கத்தான் நினைத்தேன். அவன் இருக்கும்வரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. நேற்று முழுவதும் அதையே யோசித்தேன். அது சரிப்படாது. மாசக் கடைசி தாண்டினால் அண்ணியின் குரலும் திரும்பப் பரணுக்கு வந்துவிடும். உண்மை இப்போதே தெரிந்தால், அவளைக் கட்டாயப்படுத்திச் சம்மதிக்க வைக்க அவன் ஒருவனால்தான் முடியும். அதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன். அவள் ஒப்புக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் அந்தச் செய்தியைத் தாங்குவான் என்றும் நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கமும் பள்ளம்தான். ஒரு பக்கத்தில் அவள் குரலாவது கிடக்கிறது.

ஆகையால், 'இல்லை' என்று எழுது. சுற்றி வளைக்காதே. அவனுக்கே விலாசமிட்டு எழுது. எனக்கு எழுதினால் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றிக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். பெரிய எழுத்தாக எழுது, கண்ணும் முன்போல் இல்லை.

இவ்வளவு நேரமும் அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்டாம்பை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறான்.

"கேசட்ட பத்தி எழுதிட்டியா?" என்று இப்போது கேட்டான்.

தலையை ஆட்டினேன்.

"பஞ்சுல சுத்தி அனுப்பச் சொல்லு. வெயில்ல வெக்க வேணாம்னு எழுது. அது என்ன, இவ்வளவு பக்கம்? கேசட் அனுப்புன்னு எழுத ஒரு வரி போதாதா? வாத்தியார் உனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தாரா, காவியம் எழுதச் சொல்லிக்கொடுத்தாரா?"

தெருமுனைத் தபால் பெட்டிக்குத் தானே வந்து போடுவானாம். உன் அண்ணி அவன் செருப்பை எடுத்து வைத்துவிட்டாள். அவன் படித்துப் பார்க்கக் கேட்பதற்கு முன் முடித்துவிடுகிறேன். கேட்கமாட்டான். என்னைச் சந்தேகப்பட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

பேனாவை வைத்துவிட்டுத் தாளை மடிக்கப் போகிறேன். உறையை ஒட்டுவது தன் வேலை என்று கையை நீட்டுகிறான், நல்ல கையை. கொடுக்கிறேன்.

உன் அண்ணனின் நண்பன்